மேல்காட்டுத் தண்ணீர் என் மண்ணை அரித்துப் போகிறது, வழக்குப் போடலாமா?

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். அவருடையது மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, செம்மண், சரிவு நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறார், ஓரத்தில் துவரை, மழை தவறினால் கொள்ளு. மாமனார் காலமாகி ஆறு வருடம், கணவர் காலமாகி மூன்று வருடம். பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. மாமியாரும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இவரோடு இருக்கிறார்கள், நாத்தனார் கல்யாணமாகி வெளியூரில்.

மேலே இருக்கும் காடு கணவரின் பெரியப்பா மகனுடையது, இவருக்கு மூத்தார் முறை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் புல்டோசர் விட்டுத் தன் நிலத்தைச் சமன் செய்திருக்கிறார். குறுக்கே கிடந்த பழைய கல்வரப்புகளை எடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார். அந்த வாய்க்கால் போய் முடியும் இடம் இந்தச் சகோதரியின் எல்லை. முதல் வருட மழையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது, இப்போது அது இடுப்பளவு, ஐம்பது அடி நீளம்.

அவர் கேட்பவை இவை. மூத்தார் மேல் வழக்குப் போடலாமா, அல்லது எல்லையில் ஆள் உயரத்துக்கு வரப்புப் போட்டுத் தண்ணீரை அந்தப் பக்கமே நிறுத்திவிடலாமா? டிப்பர் வைத்திருக்கும் ஒருவர், மேட்டை வெட்டிச் சமப்படுத்தித் தருகிறேன், கூலி வேண்டாம், மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மேலே ஒரு தொகையும் தருகிறேன் என்கிறாரே, சம்மதிக்கலாமா? மண்வள அட்டையில் பெரிய குறை எதுவும் இல்லை என்று வந்திருக்கும்போது விளைச்சல் ஏன் இப்படிக் குறைகிறது? ஒரு அலுவலகத்தில் போய் வரப்புப் போட உதவி கேட்டதற்குப் பட்டா உங்கள் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே, எனக்கு ஒரு உதவியும் கிடைக்காதா?

சகோதரி, உங்கள் கடிதத்தில் வழக்கு என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அடுத்த மழை எப்போது என்பது எங்குமே இல்லை. நான் நில வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இன்றைக்கு மனு தாக்கல் செய்தாலும் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய், அவர் வக்கீல் வைத்து, பதில் போட்டு முடிப்பதற்குள் உங்கள் பள்ளத்தில் இரண்டு மூன்று பெருமழை இறங்கியிருக்கும். போன மண்ணை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. அதனால் முதலில் பள்ளம், பிறகு பேச்சு, அப்புறம் காகிதங்கள், கடைசியில் தேவைப்பட்டால் வழக்கு. இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

பள்ளத்தைத் தொடுவதற்கு முன்னால் அளவெடுங்கள். ஒரு கழியில் அடிக்கணக்கைக் குறித்துப் பள்ளத்துக்குள் நிறுத்தி, மேல்முனை, நடு, கீழ்முனை என்று மூன்று இடத்தில் படம் எடுங்கள். மூத்தாரின் வாய்க்கால் உங்கள் எல்லையில் வந்து விழும் இடம் தெளிவாகத் தெரியும்படி தனியாக ஒன்று. மழை பெய்யும்போது தண்ணீர் வந்து விழுவதை வீடியோவாக எடுக்க முடிந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. நாளைக்குப் பேச்சுவார்த்தையோ வழக்கோ, இரண்டுக்கும் இவை வேண்டும். சரிசெய்த பிறகு பழைய நிலையைக் காட்ட வழி இருக்காது.

அப்புறம் பள்ளத்துக்குள் தடுப்பு. நிறையப் பேர் செய்யும் தவறு, வாய் இருக்கும் இடத்தில் மட்டும் கல்லையும் மண்ணையும் கொட்டி அடைப்பது. தண்ணீர் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு புதுப் பள்ளம் போட்டுவிடும். பள்ளத்தின் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்புகளாக வரிசையாகப் போடுங்கள். கல் கிடைத்தால் கல், இல்லாவிட்டால் மண் நிரப்பிய கோணிப்பை, முள்கிளை, முளைக்குச்சி. கீழே இருக்கும் தடுப்பின் தலை, மேலே இருக்கும் தடுப்பின் அடிக்குச் சமமாக வர வேண்டும், அப்போதுதான் இரண்டுக்கும் நடுவில் வண்டல் தங்கிப் பள்ளம் தானாகத் தூர்ந்து வரும். ஒவ்வொரு தடுப்பும் நடுவில் கொஞ்சம் தாழ்ந்தும் இரண்டு கரையிலும் உயர்ந்தும் இருக்கட்டும், தண்ணீர் நடுவழியாகவே போகும். தண்ணீர் விழும் அடியில் நாலு கல்லைப் பரப்பி வைத்தால் அந்த இடம் தோண்டாது. பள்ளத்தின் கரையில் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ நெருக்கமாக நட்டுவிடுங்கள். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கும் ஆகும்.

உழவு, சரிவுக்குக் குறுக்கேதான். டிராக்டர்காரர் திருப்புவது சுலபம் என்று மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒவ்வொரு உழவுசாலும் ஒரு வாய்க்கால். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மண்வள அட்டை சொல்வதும் சொல்லாததும்

அட்டையை நம்பி ஏமாந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டை பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான். 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். மேல்மண் எத்தனை அங்குலம் மிச்சம் இருக்கிறது என்பது அந்தப் பன்னிரண்டில் இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்தத் திட்டத்தில் மானாவாரி நிலத்துக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் மண் எடுத்தார்கள், 10 ஹெக்டேர் என்றால் 25 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்துக் காட்டு மண்ணாகவும் இருக்கலாம்.

உங்கள் நிலத்துக்கென்று தனியாக மாதிரி எடுத்துக் கொடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போல அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைத் தள்ளி, மறுபடி கலந்து பிரித்து, கடைசியில் அரை கிலோ. மேல்பக்கத்துக்கு ஒன்று, கீழ்ப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு மாதிரியாக எடுத்தால் வித்தியாசம் தெரியும். வரப்போரம், எருக்குவித்த இடம், மரநிழல் வேண்டாம்.

மண் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. வேலியோரம் பழைய வேம்போ புங்கனோ இருந்தால் அதன் வேரைப் பாருங்கள். வேர் தரைக்கு மேலே ஒரு சாண் தெரிந்தால், அந்த மரம் வளர்ந்த காலத்தில் தரை அங்கே இருந்தது என்று அர்த்தம். காட்டின் மேல்பக்கத்தில் கடப்பாரை எத்தனை ஆழத்தில் சரளையில் முட்டுகிறது, கீழ்ப்பக்கத்தில் எத்தனை ஆழத்தில் முட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் என்பது நகத்தின் கனம்கூட இல்லாதது போலத் தோன்றும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது நான்கு கன மீட்டர், எடையில் ஐந்து டன். 1983-ல் மண் பாதுகாப்பு விஞ்ஞானிகள் போட்ட கணக்கில் இந்தியாவில் சராசரியாக ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல் மண் அரித்துப் போகிறது. ஏக்கருக்கு ஆறரை டன். இது நாட்டின் சராசரி, உங்கள் காட்டில் நடுவே வாய்க்கால் பாய்கிறது. போவதும் வெறும் மண் இல்லை. தண்ணீர் முதலில் தூக்கிப் போவது மெல்லிய துகளையும் மக்கிய பொருளையும்தான், போட்ட உரமும் அதோடுதான் ஒட்டிக்கொண்டு போகும். சரளையும் பருமணலும் மேலே தங்கிவிடும். நீங்கள் இரண்டு வருடமாக உரத்தைக் கூட்டிப் போட்டும் நிலக்கடலை ஏறாததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் யார் பக்கம் வரலாம்

இங்கே நீங்களும் மூத்தாரும் ஆளுக்கு ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறீர்கள்.

தன் நிலத்தில் விழும் மழைத்தண்ணீர், கால்வாயாக இல்லாமல் இயல்பாகப் பரவிக் கீழே வழிந்து வருவதைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேல்நிலத்துக்காரருக்கு இந்த உரிமை உண்டென்று 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவு விளக்கமாகவே சொல்கிறது. ஆகவே ஆள் உயர வரப்புப் போட்டு மொத்தத் தண்ணீரையும் அந்தப் பக்கமே தேக்கினால், அவர் பயிர் மூழ்கி, நாளைக்கு அவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார். சட்டத்தை விடுங்கள், செம்மண்ணில் அப்படித் தேக்கிய வரப்பு ஒருநாள் ராத்திரி மழையில் உடையும், உடைந்தால் இப்போது போவதைப் போலப் பல மடங்கு மண் ஒரே இரவில் போகும்.

ஆனால் தன் தண்ணீரை எப்படி வேண்டுமானாலும் கீழே விடலாம் என்று மூத்தார் நினைப்பதும் சரியில்லை. இயல்பாகப் பரவி வருவது வேறு, தன் காட்டுத் தண்ணீர் முழுவதையும் ஒரே வாய்க்காலில் சேர்த்து வேகமாக உங்கள் எல்லையில் கொண்டுவந்து கொட்டுவது வேறு. இரண்டாவதற்கு அவருக்கு உரிமை கிடையாது. அதே 7-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உங்கள் நிலம் இயல்பான நிலையில் நிற்பதற்குப் பக்கத்து நிலம் தாங்கிப் பிடித்துக்கொள்வதும் உங்கள் உரிமை. எல்லையோரமாக அவர் மண்ணை வெட்டி எடுத்ததால் உங்கள் பக்கம் சரிந்தால் அதையும் கேட்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம். உங்கள் சர்வே எண், அவருடைய சர்வே எண் இரண்டுக்கும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கும், பக்கத்து இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். பழைய ஓடை ஏதாவது அவர் நிலத்தை ஒட்டி ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்து, சமன் செய்தபோது அது தூர்க்கப்பட்டிருந்தால் விஷயமே வேறு. அப்போது அது உங்கள் இரண்டு பேர் தகராறு இல்லை, அரசு நிலத்து ஆக்கிரமிப்பு. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் நடவடிக்கை எடுக்க முடியும், நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு மனுதான். இதைப் பார்க்காமலே பல வருடம் சிவில் வழக்கு நடத்திய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மூத்தாரிடம் யார் பேசுவது

அவர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. நீங்களே போய்ப் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் மாமியார் அவருக்குச் சித்தி முறை. சித்தி வந்து, என் பேரப்பிள்ளைகள் நிலம் போகிறதப்பா, வந்து ஒருதரம் பார் என்று கூப்பிட்டால், பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்த பிறகு அவர் மறுத்துப் பேசுவது கஷ்டம். படங்களை எடுத்துக்கொண்டு நீங்களும் கூட நில்லுங்கள்.

அவரிடம் என்ன கேட்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வாய்க்காலை மூடு என்று கேட்டால், பிறகு என் தண்ணீர் எங்கே போகும் என்பார், நியாயமான கேள்விதான். வாய்க்காலை எல்லையோரமாகத் திருப்பி, அகலமாகவும் ஆழமில்லாமலும் வெட்டி, உள்ளே புல் பிடிக்க வைத்து, இறக்கம் அதிகமான இடத்தில் கல்படி வைத்து, கீழே இருக்கும் ஓடையில் கொண்டு சேர்ப்பதுதான் இரண்டு பேருக்கும் ஆகிற வழி. அதற்கு உங்கள் ஓரத்தில் நாலடி கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுங்கள், இப்போது பள்ளத்துக்குப் போயிருக்கும் இடம் அதைவிட அதிகம். தன் காட்டில் எடுத்த கல்வரப்புகளை அவரும் திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் உங்களிடமிருந்து போவதற்கு முன்னால் மண் அவரிடமிருந்துதான் புறப்படுகிறது. அவர் கடப்பாரையும் சீக்கிரம் சரளையில் முட்டும். பேசி முடிந்தால் ஒரு வெள்ளைத்தாளிலாவது வாய்க்கால் எந்த வழியாகப் போகும், பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதி, புலப்பட நகலில் கோடு போட்டு, இரண்டு பேரும் சாட்சியோடு கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உறவு என்பதாலேயே எழுத்து வேண்டும்.

டிப்பர்காரருக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்

இதில் மட்டும் யோசிக்க எதுவும் இல்லை. அவர் கேட்பது மேட்டை. ஒரு ஏக்கரில் இரண்டடி வெட்டினால் ஏறக்குறைய 2,470 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 850 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). அதில் முதல் அரை அடிதான் பயிர் விளையும் மண். அதை லாரியில் ஏற்றிவிட்டு, அடிச்சரளையைச் சமப்படுத்தி உங்களிடம் கொடுப்பார். தருகிறேன் என்று சொல்லும் தொகை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், அந்த இடத்தில் உங்கள் பிள்ளைகள் காலத்தில் கேழ்வரகு வராது.

சட்டச் சிக்கலும் உங்கள் தலையில்தான் விழும். பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் மண்ணை வெட்டி வெளியே கொண்டுபோய் விற்பது கனிமக் குற்றம். 1957-ம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வண்டி பிடிபட்டால் எந்தச் சர்வே எண்ணில் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். நிலம் எங்களுடையதுதானே என்ற பதில் அங்கே செல்லாது, அதிலும் நீங்கள் கூட்டு வாரிசுகளில் ஒருவர், மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் மண்ணைக் கொடுத்தது தனிப் பிரச்சினையாகும்.

போன மண்ணுக்குப் பதிலாகப் புதுமண் போட நினைத்தால் அது நியாயமானது, அதற்கு நேரான வழி இருக்கிறது. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரி, குளங்களிலிருந்து விவசாயத்துக்கு வண்டல் மண் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முன்பு இதற்கு ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருந்தது. 2024-ல் விதியைத் தளர்த்தி வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும்படி மாற்றியிருக்கிறார்கள், இணையவழியாக விண்ணப்பிக்கலாம். புன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75. வெட்டுவதும் ஏற்றுவதும் உங்கள் செலவு. ஆனால் 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் வரும், அதையும் வரப்பு இல்லாத சரிவில் கொட்டினால் அடுத்த மழையில் கீழ்க்காட்டுக்காரருக்குப் போய்ச் சேரும். முதலில் வரப்பு, அப்புறம் வண்டல்.

பட்டாவும் நாத்தனாரும்

நாத்தனாருக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, அவருக்கு நிலத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை சகோதரி. உயில் எழுதாமல் காலமான மாமனாரின் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருமே 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள். கல்யாணமாகிவிட்டது என்பதால் மகளின் பங்கு போவதில்லை. உங்கள் கணவருக்கு வந்த பங்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சேரும். நாத்தனாரை விட்டுவிட்டு வாரிசுச் சான்று வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பின்னால் அது மொத்தத்தையும் கெடுக்கும்.

நல்ல செய்தி, மண் வேலைக்குப் பாகப்பிரிவினை வரை போக வேண்டியதில்லை. மாமனாருக்கும் கணவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்துக் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் பெயர் அதில் வந்துவிட்டால் மற்றவர்களின் சம்மதக் கடிதத்தோடு திட்ட உதவி கேட்க முடியும். நாத்தனாரிடம் பேசும்போது இது பங்கை எழுதி வாங்கும் காரியம் இல்லை, எல்லோருடைய நிலத்தையும் காப்பாற்றும் காரியம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அவர் பெயரும் பட்டாவில் இருக்கும் என்பதையும் சேர்த்து. நடப்புச் சாகுபடி அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு) சரியாகப் பதிவாகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். சிறு குறு விவசாயி சான்றும் விவசாயிகளுக்கான அடையாள எண் பதிவும் கையோடு முடித்துவிடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

உதவி கேட்டுப் போனபோது பட்டா இல்லை என்று திருப்பினார்கள், சரி. ஆனால் எதற்கு எங்கே போக வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். விதை, பசுந்தாள் உரம், மண் மாதிரி எல்லாம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். 2024-ல் அறிவித்த மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு உதவி சேர்ந்திருக்கிறது. மானாவாரிக்குச் சணப்பையோ கொளுஞ்சியோ ஆகுமா என்று கேளுங்கள்.

வரப்பு, தடுப்பணை, பண்ணைக்குட்டை, நிலம் சமன் செய்தல் என்றால் அது வேளாண்மைப் பொறியியல் துறை. கோட்ட அளவில் உதவி செயற்பொறியாளர் அலுவலகம் இருக்கும். அங்கே எழுத்தில் மனு கொடுங்கள், கேட்பது ஒன்றே ஒன்று: பொறியாளர் நேரில் வந்து மேல்காடு, கீழ்க்காடு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புல்டோசர், மண் அள்ளும் இயந்திரம் ஆகியவற்றை மணிக்கணக்கு வாடகைக்கும் அந்தத் துறையில் தருகிறார்கள். தனியாரிடம் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

உங்கள் ஊர் நீர்வடிப்பகுதித் திட்டத்தில், அதாவது ஒரே ஓடைக்கு வடியும் நிலம் முழுவதற்கும் சேர்த்து மண், நீர் காக்கும் திட்டத்தில், இருக்கிறதா என்று கேட்பதும் முக்கியம். சரிவுக்குச் சர்வே எண் தெரியாது, மேலிருந்து ஓடை வரை சேர்த்துச் செய்தால்தான் வேலை நிற்கும். அதற்காகத்தான் 1959-லேயே தமிழ்நாடு நில மேம்பாட்டுத் திட்டங்கள் சட்டம் என்று ஒன்று வந்தது, பல பேருடைய நிலத்தில் சேர்த்து மண் பாதுகாப்பு வேலை செய்ய. நீர்வடிப்பகுதித் திட்டம் நடக்கும் ஊராக இருந்தால் உங்கள் பள்ளத்தையும் மூத்தாரின் வாய்க்காலையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவரலாம். நூறு நாள் வேலைத் திட்டத்திலும் பெண் தலைமையில் இருக்கும் குடும்பங்களின் நிலத்தில் வரப்பு, குட்டை வேலைகள் செய்துவந்தார்கள். அந்த விதிகள் மாறிவருவதால் இன்றைய நிலையை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, முடியுமானால் கிராம சபையில் எழுத்தில் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மானியம் என்றால் எல்லாம் இலவசம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான திட்டங்களில் உங்கள் பங்கு ஒன்று இருக்கும், முன்அனுமதி வாங்குவதற்கு முன் செய்த வேலைக்குப் பணம் வராது. பள்ளத்தில் கல்லும் கோணியும் வைப்பது அவசர வேலை, அதைச் செய்யுங்கள். நிரந்தர வரப்பை மட்டும் அனுமதி வந்த பிறகு தொடங்குங்கள். திட்டம் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு என்று வருபவர் யாராக இருந்தாலும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள்.

வரப்பைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்து வைத்திருங்கள், வேலை நடக்கும்போது உதவும். 100 அடிக்கு 3 அடி இறங்கும் சரிவில், ஏறக்குறைய 100 அடிக்கு ஒரு சம உயர வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் வரப்பு. இதைக் கண்ணால் பார்த்துக் கயிறு பிடித்துப் போடக் கூடாது, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்தாவது மட்டம் பார்த்துத்தான் கோடு போட வேண்டும். மட்டம் தவறிய வரப்பில் தண்ணீர் தாழ்ந்த இடத்துக்கு ஓடிச் சேர்ந்து அங்கேயே உடைக்கும். உபரி நீர் வழியக் கல் பாவிய ஒரு வாய் கட்டாயம் வேண்டும். உங்கள் செம்மண்ணுக்கு இது பொருந்தும், இதே முறையைக் கரிசல்காட்டில் செய்தால் வெடிப்பு விட்டு உடையும், அங்கே தண்ணீரை மெல்ல வடியவிடும் சாய்வு வரப்புதான். பாப்பாரப்பட்டியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம். போக முடியாத நாளில் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது.

மனு கொடுத்து அசைவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. அங்கேயும் நகர்வில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, என் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வழக்கு எப்போது

மாமியார் பேசியும், பொறியாளர் வந்து பார்த்தும் மூத்தார் அசையவில்லை என்றால் முதலில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடாமலே அவரை அழைத்துச் சமரசம் பேசுவார்கள், அங்கே ஒத்துவந்து மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது தீர்ப்புக்குச் சமம்.

அதுவும் ஆகவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் இரண்டு பரிகாரம் கேட்கலாம்: வாய்க்காலைத் திருப்பும்படி அவருக்கு நீதிமன்றம் இடும் செயலுறுத்துக் கட்டளை, ஆன நஷ்டத்துக்கு ஈடு. தாக்கல் செய்யும் அன்றே நீதிமன்றத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, அவர் நிலத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி கேட்கச் சொல்லுங்கள், இந்த மாதிரி வழக்கில் பாதி பலம் அந்த அறிக்கையில்தான். நஷ்ட ஈட்டுக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு உண்டு. வாய்க்கால் வெட்டி இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு மழையிலும் தொடரும் தவறு என்று வாதாட இடமிருந்தாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வாதத்தை நம்பிக் காத்திருக்க மாட்டேன். இன்னும் ஆறு மாதத்துக்குள் பேச்சு ஒரு முடிவுக்கு வராவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் கடப்பாரை எத்தனை ஆழத்தில் முட்டியது, புலப்படத்தில் ஓடை இருக்கிறதா, இந்த இரண்டையும் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள். ஓடை இருந்தால் வட்டாட்சியருக்கான மனுவை எப்படி எழுதுவது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.